விபிஎன் தடுப்பு: தவறான சாட்சியை நம்பி ஒரு வழக்கு

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு உறையூரிலிருந்து அத்தான் போன் செய்தார். அக்காவின் கணவர். ஒரு கல்லூரி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எதையும் விதிப்படி செய்கிற ஆள். தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் வண்டியை எடுப்பார்.

"மாப்ள, டிவில படம் போட்டா விபிஎன், ப்ராக்ஸி ஏதாவது இருந்தா ஆஃப் பண்ணிட்டு வாங்கன்னு வருது. ப்ராக்ஸின்னா கிளாஸ்ல ஒருத்தனுக்குப் பதிலா இன்னொருத்தன் 'உள்ளேன் ஐயா' சொல்றதுதானே? நான் யாருக்குப்பா சொன்னேன்? மாசாமாசம் காசு கட்டிட்டுத்தானே பாக்குறோம்?"

சிரித்துவிட்டேன். ஆனால் ப்ராக்ஸிக்கு அவர் சொன்ன விளக்கம் பல நெட்வொர்க்கிங் பாடப்புத்தகங்களில் இருப்பதைவிடத் தெளிவானது. உங்கள் பெயரில் இன்னொருவர் ஆஜர் சொல்வது. அவ்வளவுதான் ப்ராக்ஸி. விபிஎன் இந்த இடத்தில் செய்வதும் அதைத்தான்: நீங்கள் சென்னையில் உட்கார்ந்திருப்பீர்கள், லண்டனில் இருக்கும் ஒரு சர்வர் உங்களுக்காக "உள்ளேன்" என்று சொல்லும்.

இந்த மாதிரி ஓடிடி தடுப்புகளைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பாலானவை இரண்டு வகை. "எந்த விபிஎன் இன்னும் வேலை செய்கிறது" என்ற பட்டியல்கள், அல்லது "விதியை மீறாதீர்கள்" என்ற அறிவுரைகள். முதல் வகையில் பாதி விளம்பரம். அத்தான் மாதிரி எந்த விபிஎன்னையும் வாங்காத, எந்த விதியையும் மீறாத ஆள் ஏன் மாட்டினார் என்ற கேள்விக்கு இரண்டிலும் பதில் கிடையாது. அதைத் தேடிப் போனதில் எழுந்த விமர்சனம்தான் இது.

அடுத்த வாரம் திருச்சிக்குப் போனபோது என்னிடமிருந்த பழைய ரூட்டர் ஒன்றை எடுத்துப் போனேன். ஓபன்டபிள்யூஆர்டி போட்டு வைத்திருந்தது; எந்தக் கருவி எவ்வளவு டேட்டா அனுப்புகிறது என்று தனித்தனியாகக் காட்டும். இரண்டு நாள் ஓடவிட்டேன். டிவி, அத்தான் போன், அக்கா போன் எல்லாம் எதிர்பார்த்த அளவில் இருந்தன. ஐந்தாவதாக ஒரு கருவி மட்டும் இரண்டே நாளில் பதினோரு ஜிபி அப்லோட் செய்திருந்தது. அதிலும் பெரும்பங்கு நள்ளிரவு ஒரு மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் இடையில்.

டவுன்லோட் என்றால் யாரோ ராத்திரி படம் பார்க்கிறார்கள் என்று நினைக்கலாம். அப்லோட்? அந்த வீட்டில் யாருக்கு எதை அனுப்ப வேண்டியிருக்கிறது?

ஹால் ஷெல்ஃபில் சார்ஜரிலேயே கிடந்த பழைய போன் அது. மருமகன் புது போன் வாங்கியதும் அலாரத்துக்காக அங்கே விட்டுவைத்தது. கேட்டால் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "ஒரு அனிமே இங்க கிடைக்கலை மாமா. அதுக்காக ஃப்ரீ விபிஎன் ஒண்ணு போட்டேன். ரெண்டு நாள்தான் யூஸ் பண்ணேன். அப்புறம் அதுவும் ஓடலை, விட்டுட்டேன்." அவன் விட்டுவிட்டான், ஆப் விடவில்லை. அதன் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து படித்தேன். கடைசிப் பகுதியில், பணம் கட்டாத பயனர்களின் இணைய இணைப்பு சும்மா இருக்கும் நேரத்தில் அதை "பங்குதாரர்கள்" பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இருந்தது.

அதாவது அத்தான் வீடு ராத்திரி முழுக்க யார் யாருக்கோ "உள்ளேன் ஐயா" சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆப்பால்தான் டிவியில் படம் நின்றது என்பதற்கு என்னிடம் நேரடி ஆதாரம் கிடையாது. தடுக்கிற நிறுவனம் ஒரு முகவரியை ஏன் தடுத்தது என்று சொல்வதில்லை. வாடிக்கையாளர் சேவையில் அத்தானிடம் மூன்று முறை "விபிஎன்னை அணைத்துவிட்டு முயலுங்கள்" என்றார்கள். இல்லாத ஒன்றை எப்படி அணைப்பது? குற்றச்சாட்டு உண்டு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வழி இல்லை. என் முதல் குறை இதுதான்.

அந்தச் சாட்சி யார்? ஐபி முகவரி. அது என்ன தெரிந்து சாட்சி சொல்கிறது என்று பார்ப்போம்.

ஐபி முகவரிக்கு ஊர் கிடையாது. உலகத்தில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் இருக்கின்றன. ஆசிய பசிபிக் பகுதிக்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கும் ஏப்னிக். அவை நெட்வொர்க் நடத்தும் நிறுவனங்களுக்கு முகவரிகளைக் கட்டுக்கட்டாக ஒதுக்குகின்றன. எந்தக் கட்டு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது பதிவேட்டில் இருக்கும். அந்த முகவரியை இன்றைக்கு எங்கே, யார் பயன்படுத்துகிறார்கள் என்பது இருக்காது. அதைச் சில தனியார் நிறுவனங்கள் ஊகித்துத் தரவுத்தளமாக விற்கின்றன. நாடு அளவில் ஊகம் பெரும்பாலும் சரியாக இருக்கும். பெரும்பாலும்.

ஊகம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஏப்ரலில் கஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனத்தின் தரவுத்தளத்தில், "அமெரிக்கா என்று தெரியும், அதற்கு மேல் தெரியாது" என்ற வகை முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் கொடுத்திருந்தார்கள். வடக்கே 38 டிகிரி, மேற்கே 97 டிகிரி என்று முழு எண்ணாக. அந்தப் புள்ளி கான்சாஸ் மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டில் போய் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த ஒரு வீட்டைக் காட்டின. பத்து வருடத்துக்கு மேலாக மோசடியைத் தேடும் போலீஸ், வரித்துறை, ஏமாந்துபோன ஆட்கள் என்று எல்லோரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். விஷயம் வெளிவந்த பிறகு புள்ளியை ஒரு ஏரியின் நடுவில் மாற்றி வைத்தார்கள்!

நம் ஊரிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி போன்ற விவரங்களை ஐந்து வருடம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்று. எக்ஸ்பிரஸ்விபிஎன் அந்த ஜூனில் இந்தியாவிலிருந்த தன் சர்வர்களை எடுத்துவிட்டது. ஆனால் "இந்தியா" என்ற தேர்வை எடுக்கவில்லை. சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் இருக்கும் இயந்திரங்களுக்கு இந்திய ஐபி முகவரிகளைக் கொடுத்து, மெய்நிகர் இந்தியா என்று தொடர்ந்தது. இயந்திரம் சிங்கப்பூரில், முகவரி இந்தியா. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, அவர்களே சொன்னதுதான். முகவரி வைத்து இடம் சொல்வது எவ்வளவு காகித விவகாரம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இவ்வளவு பலவீனமான சாட்சியை ஏன் நம்புகிறார்கள்? 2016 தொடக்கத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த ஜனவரி 6-ஆம் தேதி லாஸ் வேகாஸ் சிஇஎஸ் கண்காட்சியில் நெட்ஃப்ளிக்ஸ் ஒரே மூச்சில் 130 புதிய நாடுகளில், இந்தியா உட்பட, சேவையைத் தொடங்கியது. அங்கேயே ஒரு பேட்டியில் அவர்களுடைய அன்றைய தலைமைத் தயாரிப்பு அதிகாரி (சீஃப் ப்ராடக்ட் ஆஃபீசர்) நீல் ஹன்ட், இருப்பிடத்தை மறைப்பதே ப்ராக்ஸிகளின் நோக்கம் என்பதால் அவற்றைத் தடுக்க எளிய வழி கிடையாது, இது எப்போதும் பூனை-எலி விளையாட்டாகத்தான் இருக்கும் என்ற பொருளில் பேசினார். ஒரு பொறியாளனாக அதை ரசித்தேன். உண்மையைச் சொல்லியிருந்தார். சில நாட்கள் கழித்து, 14-ஆம் தேதி, அதே நிறுவனத்தின் டேவிட் ஃபுல்லகர் ப்ராக்ஸி தடுப்பைக் கடுமையாக்கப் போவதாக அறிவித்தார். எல்லாப் படங்களும் எல்லா நாட்டிலும் கிடைக்கும்போது இதற்கெல்லாம் தேவையிருக்காது, அதுவரை நாடு வாரியான உரிமங்களை மதிக்க வேண்டியிருக்கிறது என்பது அந்த அறிவிப்பின் சாரம்.

அழுத்தம் எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. சோனி பிக்சர்ஸிலிருந்து திருடப்பட்ட மின்னஞ்சல்களை 2015 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்டது. அதில் 2013 தேதியிட்ட ஒன்றில், வெளிநாட்டினர் விபிஎன் வழியாகச் சந்தா சேர்வதை நெட்ஃப்ளிக்ஸ் கண்டும் காணாமல் விடுகிறது, இது பாதி அனுமதியோடு நடக்கும் பைரசி என்று சோனி அதிகாரி ஒருவர் குமுறியிருந்தார். படத்தை விற்கிறவர் கேட்டார், வாங்கி ஒளிபரப்புகிறவர் செய்தார்.

இதில் முதலில் அடிபட்ட கூட்டம் ஒன்று உண்டு. ஹரிக்கேன் எலக்ட்ரிக் என்ற அமெரிக்க நிறுவனம் ரொம்ப வருடமாக இலவசமாக ஐபிவி6 சுரங்க இணைப்பு தருகிறது. சொந்த இணைய நிறுவனம் ஐபிவி6 தராத ஊர்களில் இருக்கும் என்னைப் போன்ற ஆர்வக்கோளாறுகள் அதை வைத்துத்தான் அந்த நெறிமுறையைக் கற்றுக்கொண்டோம். அந்தச் சுரங்கத்தில் வரும் முகவரி அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும், ஆள் எங்கேயும் இருக்கலாம். 2016 ஜூனில் நெட்ஃப்ளிக்ஸ் அந்தச் சுரங்கங்களைத் தடுத்தது. அமெரிக்காவிலேயே இருந்துகொண்டு, அமெரிக்கச் சந்தா கட்டி, அமெரிக்கப் பட்டியலைப் பார்த்தவர்களும் ப்ராக்ஸிக்காரர்கள் ஆனார்கள். தீர்வு? நெட்ஃப்ளிக்ஸுக்கு மட்டும் ஐபிவி6-ஐ ரூட்டரில் அடைத்துவிட்டுப் பழைய நெறிமுறைக்குப் போவது. எதிர்காலத்துக்கு முன்கூட்டியே தயாரானவனுக்குக் கிடைத்த பரிசு அது.

உரிமம் நாடு வாரியாக விற்கப்படுவதையே தப்பு என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் நிறையப் பேர் அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. தமிழ் சினிமா வியாபாரம் தெரிந்தவர்களுக்கு ஏரியா என்ற சொல் புதிதல்ல. செங்கல்பட்டு ஏரியா, கோவை ஏரியா, திருச்சி-தஞ்சாவூர் சேர்ந்த டி.டி. ஏரியா, மதுரை-ராமநாதபுரம் சேர்ந்த எம்.ஆர். ஏரியா என்று பிரித்து விற்பார்கள். வெளிநாட்டுக்குத் தனியாக எஃப்.எம்.எஸ். உரிமை, மலேசியா, சிங்கப்பூர் உட்பட. படம் முடிவதற்கு முன்பே ஏரியா விற்று வரும் முன்பணத்தில் முடிந்த படங்கள் எத்தனையோ. சின்னத் தயாரிப்பாளருக்கு அது உயிர்நாடி. நாடு வாரியாக விற்கக் கூடாது என்றால் உலகம் முழுவதையும் ஒரே காசோலையில் வாங்கக்கூடிய நாலைந்து பெரிய நிறுவனங்கள் மட்டும்தான் மிஞ்சும். அது நமக்கு நல்லதா?

ஆனால் ஏரியா வியாபாரத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டி.டி. ஏரியாவை வாங்கியவர் எம்.ஆர். ஏரியா தியேட்டருக்குப் பெட்டி அனுப்பக் கூடாது. சண்டை வந்தால் அது விநியோகஸ்தர்களுக்குள், சங்கத்தில் பேசித் தீர்ப்பார்கள். மதுரைக்காரர் ஒருவர் பஸ் ஏறித் திருச்சிக்கு வந்து டிக்கெட் எடுத்தால், "நீ எம்.ஆர். ஏரியா ஆள், உனக்கு இங்கே காட்ட மாட்டோம்" என்று யாரும் சொன்னதில்லை. எல்லை தியேட்டருக்கு இருந்தது, பார்வையாளருக்கு இல்லை. விற்றவரும் வாங்கியவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றும் வேலையை டிக்கெட் எடுத்தவன் தலையில் கட்டவில்லை.

டிவிடி காலத்தில் இது மாறத் தொடங்கியது. உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து, அமெரிக்காவுக்கு 1, நமக்கு 5 என்று எண் கொடுத்துப் பூட்டைப் பிளேயருக்குள் வைத்தார்கள். பர்மா பஜாரில் "ஆல் ரீஜியன் சார்" என்று விற்ற பிளேயர்கள் அந்தப் பூட்டை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை என்பது வேறு கதை. ஸ்ட்ரீமிங்கில் பூட்டு பிளேயரிலும் இல்லை, உங்கள் வீட்டு இணைப்பின் முகவரிக்கு நகர்ந்துவிட்டது. அந்த முகவரி உங்களுடையதுகூட இல்லை. இணைய நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு வந்தது.

இனித்தான் முக்கியமான இடம்.

தடுப்பு எப்படி வேலை செய்கிறது? எளிய வழி, முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்பது. வீட்டு இணைப்பு தரும் நிறுவனத்தின் கட்டா, டேட்டா சென்டர் நடத்தும் நிறுவனத்தின் கட்டா? டேட்டா சென்டரில் உட்கார்ந்து யாரும் சீரியல் பார்ப்பதில்லை. ஆகவே அங்கிருந்து வந்தால் விபிஎன். அடுத்தது, ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான கணக்குகள் வந்தால் சந்தேகம். டிஎன்எஸ் கேள்வி ஒரு நாட்டிலிருந்தும் வீடியோ கேள்வி இன்னொரு நாட்டிலிருந்தும் வந்தால் சந்தேகம். இவை மோசமான யுக்திகள் என்று சொல்லமாட்டேன். என்னிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் இதன் விளைவை யோசியுங்கள். டேட்டா சென்டர் முகவரி செல்லாது, வீட்டு முகவரி செல்லும் என்று ஆக்கிய நாளிலேயே வீட்டு முகவரிக்கு ஒரு சந்தை விலை வந்துவிட்டது. நேற்றுவரை யாருக்கும் தேவைப்படாத அத்தான் வீட்டு முகவரிக்கு இன்றைக்கு வாங்குகிற ஆள் இருக்கிறது.

இந்தச் சந்தை 2016-க்கு முன்பே தொடங்கிவிட்டது. ஹோலா என்ற இலவசச் சேவை, நாட்டுத் தடையைத் தாண்டி ஸ்ட்ரீமிங் பார்க்கலாம் என்று சொல்லியே பிரபலமானது. அதை நிறுவியவர்களின் இணைப்பு வழியாக மற்றவர்களின் போக்குவரத்து வெளியே போகும். அது மட்டுமல்ல, லுமினாட்டி என்ற பெயரில் அந்த இணைப்புகளைக் காசுக்கும் விற்றார்கள். 2015 மே மாதம் 8சான் தளத்தின் மீது நடந்த தாக்குதல் அந்த வழியாகத்தான் வந்தது என்று அந்தத் தளத்தை நடத்தியவர் அம்பலப்படுத்தினார். தொடர் பார்க்க வந்தவர்கள் தாங்கள் அறியாமலேயே தாக்குதலுக்கு ஆஜர் கொடுத்திருந்தார்கள்.

2021 ஆகஸ்டில் நெட்ஃப்ளிக்ஸ் வீட்டு முகவரிகளையும் தடுக்கத் தொடங்கியது. விபிஎன் நிறுவனங்கள் வீட்டு முகவரிகளை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தியதால் வந்த அடுத்த சுற்று. விபிஎன்னே இல்லாத ஆட்கள், தங்கள் பட்டியலில் பாதிப் படங்களைக் காணோம் என்று புகார் சொன்னார்கள். அத்தான் கதைக்கு முன்னோடிகள்.

அதைவிட மோசமானது 2024 மே மாதம் வெளிவந்தது. 911 எஸ்5 என்ற வலையமைப்பை அமெரிக்க நீதித்துறை முடக்கியது. அதில் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் சிக்கியிருந்தன, கிட்டத்தட்ட 200 நாடுகளில். அந்த வீடுகளுக்குள் நுழைந்த வழிகளில் முக்கியமானது இலவச விபிஎன் ஆப்கள். வாடகைக்கு எடுத்தவர்கள் அந்த முகவரிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கோவிட் நிவாரணப் பண மோசடி முதல் இன்னும் கொடிய குற்றங்கள் வரை செய்திருக்கிறார்கள். ஸ்ட்ரீமிங் தடுப்புதான் இதை உருவாக்கியது என்று சொன்னால் அது மிகை. வங்கி மோசடிக்காரனுக்கும் வீட்டு முகவரி வேண்டும், விலை ஒப்பிடும் ரோபோவுக்கும் வேண்டும். ஆனால் ஒரு பதினேழு வயதுப் பையனை "ஃப்ரீ விபிஎன்" என்று தேட வைத்து அந்தக் கதவுவரை கொண்டுவந்து விட்டது எது? "இந்தப் படைப்பு உங்கள் பகுதியில் கிடைக்காது" என்ற ஒரு வரிதான்.

மருமகன் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் யோக்கியன் கிடையாது. ஆன்சைட் போயிருந்தபோது இங்கே காசு கட்டிய சேவையை அங்கே பார்க்க விபிஎன் போட்டவன்தான். கோபம் இருப்பது விபிஎன் விளம்பரங்கள் மேல். யூடியூபில் வீடியோவுக்கு நடுவில் வந்து "உலகத்திலுள்ள எல்லாப் படத்தையும் பாருங்கள்" என்பார்கள். இன்று வேலை செய்யும் சர்வர் நாளை செய்யாது என்பதைச் சொல்லமாட்டார்கள். கூடவே "ஹேக்கர்களிடமிருந்து பாதுகாப்பு" என்பார்கள். விபிஎன் போட்டால் உங்கள் போக்குவரத்தைப் பார்க்கும் இடம் இணைய நிறுவனத்திடமிருந்து விபிஎன் நிறுவனத்துக்கு மாறுகிறது. நம்பிக்கையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறீர்கள். அந்தக் கை இலவசமாக நீண்டால் எதற்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, நடைமுறையிலேயே இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்து 2018 ஏப்ரல் 1 முதல் அமல்படுத்தியது. பிரான்சில் குடியிருந்து சந்தா கட்டுகிறவர் இத்தாலிக்கு விடுமுறையில் போனால், பிரான்சில் பார்த்ததையே அங்கும் பார்க்கலாம். தற்காலிகமாக எங்கே இருந்தாலும், அவர் சொந்த நாட்டில் பார்ப்பதாகவே சட்டம் கருதும். குடியிருக்கும் நாட்டைச் சந்தா சேரும்போது அடையாள அட்டை, பணம் கட்டும் விவரம் போன்ற வழிகளில் சரிபார்க்க வேண்டும், இரண்டு வழிகளுக்கு மேல் கேட்கக் கூடாது. ஐபி முகவரியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் பல சாட்சிகளில் ஒன்றாக. நாடு வாரி உரிமம் அப்படியே இருக்கிறது, தயாரிப்பாளருக்கு நஷ்டமில்லை. நான் கேட்பது இந்த மாற்றத்தைத்தான்: ஒப்பந்தத்தின் எல்லையை இணைப்பின் முகவரியோடு கட்டாமல், சந்தாதாரரின் கணக்கோடு கட்டுங்கள்.

இதிலும் ஓட்டை உண்டு. விலை குறைந்த நாட்டில் இருப்பதுபோல் காட்டிச் சந்தா சேர்கிற பழக்கம் இருக்கிறது. அப்படிச் சேர்ந்தவர்களின் யூடியூப் பிரீமியம் சந்தாக்கள் 2024 ஜூனில் ரத்தாயின. ஆனால் அங்கே பிடிபட்டது ஏமாற்றியவரின் கணக்கு. அவர் வாடகைக்கு எடுத்த முகவரியில் குடியிருக்கும் ஒரு ரிட்டயர்டு ஆசாமி இல்லை. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

நெட்ஃப்ளிக்ஸையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பழைய மாதிரி கதவை அறைந்து சாத்துவதை விட்டுவிட்டு, விபிஎன் என்று தோன்றினால் உலகம் முழுக்க உரிமை வைத்திருக்கும் படைப்புகளை மட்டும் காட்டும் முறைக்குப் போனார்கள். 'ஸ்க்விட் கேம்' பார்க்கலாம், உள்ளூர் உரிமம் உள்ளவை வராது. நேரலையும் விளம்பரத் திட்டமும் விபிஎன்னில் கிடையாது. சந்தேகத்தின் பலனில் பாதியைக் கொடுக்கிறார்கள், அது முன்னேற்றம்தான். சொந்தத் தயாரிப்பு என்று சொல்லிக்கொள்வதெல்லாம் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்றும் இல்லை. 2014 செப்டம்பரில் பிரான்சுக்குப் போனபோது 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' அங்கே அவர்கள் கையிலேயே இல்லை, முன்பே கனால் பிளஸுக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் உலக உரிமையோடு சேர்த்து வாங்கும் பழக்கம் வேகமெடுத்தது.

உறையூருக்குத் திரும்புகிறேன். ஆப்பை நீக்கினேன், போனை முழுதாக அழித்தேன். மூன்று நாள் கழித்தும் டிவியில் அதே செய்தி. ரூட்டருக்கு வந்திருந்த முகவரியைப் பார்த்தால் 100.64-இல் தொடங்கியது. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட வகை. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை அடைத்து வைக்கும்போது உள்ளே கொடுக்கப்படுவது. நம்மூரில் கேபிள்காரர்கள் தரும் பிராட்பேண்டில் இது சகஜம். பொது முகவரிகளுக்குப் பஞ்சம். அதாவது அத்தான் வீட்டுக்கு வந்த கெட்ட பெயர் அத்தான் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. அல்லது வேறு வீட்டிலிருந்து அத்தான் வீட்டுக்கு வந்ததாகக்கூட இருக்கலாம், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

கேபிள்காரரைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் மேலே யாருக்கோ போன் போட்டு, அரை மணி நேரத்தில் அத்தான் இணைப்பை வேறொரு பொது முகவரிக்குப் பின்னால் மாற்றிக் கொடுத்துவிட்டார். அன்று ராத்திரியே படம் ஓடியது.

கிளம்பும்போது கேட்டேன், இதே கம்ப்ளெயின்ட் வேறு யாராவது சொன்னார்களா என்று.

"ஆமா சார், அந்தத் தெருவுலயே மூணு நாலு வீட்டுல சொன்னாங்க. டிவி கோளாறா இருக்கும், கம்பெனிக்காரனைக் கூப்பிடுங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அவங்களுக்கும் மாத்திக் கொடுத்துடலாமே?"

"கேட்டா மாத்திக் கொடுக்கலாம் சார். அவங்க யாரும் அப்புறம் வரவே இல்லையே."